இடது முழங்கையை உயர்த்து!

போன மலரில் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்று மலர்க்குழுத் தம்பிகள் உஷாராகிவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு மாதம் முன்பே என்னைப் போனில் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, நீங்க ஹிஸ்டரி படிச்சவங்க. கிரிக்கெட்டும் ஆடியிருக்கீங்க. ரெண்டையும் சேத்து ஒரு கட்டுரை குடுங்க."

ஹிஸ்டரி படித்தது உண்மை. 1974-இல் இதே கல்லூரியில் பி.ஏ. முடித்தேன். கிரிக்கெட் ஆடியதைப் பற்றி என் செட் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். இரண்டு வருடம் அணியில் இருந்தேன். எட்டாவது ஆளாக இறங்குவேன். ஓப்பனிங் பவுலர்கள் களைத்துப்போனால் ஐந்தாறு ஓவர் போடுவேன். அவ்வளவுதான் நம்ம பெருமை. ஆனால் பின்னாளில் நம் மைதானத்து நெட்டில் நானே 'சார்' ஆக நின்ற ஒரு காலம் உண்டு. அப்போது செய்த ஒரு காரியம் நாற்பது வருடமாக மனசில் கிடக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்து பி.டி. சாரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை நந்தனத்தில் இருக்கிறதே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் ஆரம்பித்தது, அங்கே பயின்று வந்தவர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், கக்கத்தில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகம்தான் இந்தக் கட்டுரைக்கு நாயகன், சில இடங்களில் வில்லனும்கூட. எம்.சி.சி. 1952-இல் வெளியிட்ட கிரிக்கெட் பயிற்சி நூல் அது. (எம்.சி.சி. என்றதும் தாம்பரம் ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது லண்டன் மேரில்போன் கிரிக்கெட் கிளப்.) கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவில் இருக்க வேண்டிய புத்தகம் சார் வீட்டில்தான் இருந்தது. நூலகர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

சார் அதை ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசிப்பார். பிறகு தன் தமிழில் சொல்வார். "ரெண்டு கைலயும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு 'வி' வருதா? அந்த ரெண்டு 'வி'யும் ஒரே கோட்டுல இருக்கணும். மட்டையோட முதுகுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவுல அந்தக் கோடு வரணும். கால் ரெண்டுலயும் வெயிட் சமமா. தலை ஆடக் கூடாது. ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல." ஃபார்வர்ட் டிஃபென்ஸ் ஆடும்போது மட்டைக்கும் பேடுக்கும் நடுவே பந்து நுழையாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கீழ்க் கை தளர்வாக இருக்க வேண்டும், மேல்க் கைதான் முதலாளி. எல்லாவற்றுக்கும் மேலாக, நெட்டின் எந்த மூலையில் நின்றாலும் காதில் விழுகிற ஒரு கூச்சல்: "எல்போடா, எல்போ! இடது முழங்கைய தூக்கு!"

மூன்று வருடம் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்கிறேன். இது யார் முதலில் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று அப்போது ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. ஹிஸ்டரி மாணவனாக இருந்தும்!

சொன்னவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து ஃபார்ன்ஹாம் என்ற சின்ன ஊரில் இஞ்சி ரொட்டி சுட்டு விற்ற ஹாரி ஹால் என்பவர். காலம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஹால் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் ஊர்ப் பையன்களைக் கூப்பிட்டு, இடது முழங்கையை உயர்த்தி நேர் மட்டையில் ஆடு என்று சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் வில்லியம் பெல்டம். அந்தக் காலத்தின் தலைசிறந்த பேட்ஸ்மேன் என்று பெயர் வாங்கினார். பெல்டம் 1766-இல் பிறந்து 1862 வரை வாழ்ந்தார். தொண்டு கிழமான பிறகு, தன்னைத் தேடி வந்த ஜேம்ஸ் பைக்ராஃப்ட் என்ற பாதிரியாரிடம் இந்தக் கதைகளையெல்லாம் சொன்னார். பைக்ராஃப்ட் அவற்றைத் 'தி கிரிக்கெட் ஃபீல்ட்' என்ற தம் நூலில் 1851-இல் எழுதி வைத்தார். பெயர் எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? திருவல்லிக்கேணியில் பைக்ராஃப்ட்ஸ் ரோடு இருந்ததே, இப்போது பாரதி சாலை, அது இந்தப் பாதிரியாரின் உடன்பிறந்தவர் சர் தாமஸ் பைக்ராஃப்ட் பெயரில் அமைந்தது. அவர் மதராஸ் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அந்தத் தெருவில் மேன்ஷனில் தங்கி வேலை தேடிய நம் நண்பர்கள் எத்தனை பேர்! அண்ணன் தம்பியில் ஒருவர் நமக்குத் தெருவைக் கொடுத்தார், இன்னொருவர் முழங்கையைக் கொடுத்தார்.

ஹால் ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் முக்கியம். அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை பந்தைத் தரையோடு தரையாக உருட்டித்தான் விடுவார்கள். உருண்டு வருகிற பந்தை அடிக்க ஹாக்கி மட்டை மாதிரி வளைந்த மட்டை போதும். வீசிக் கூட்ட வேண்டியதுதான். 1760-களை ஒட்டி பவுலர்கள் பந்தைக் காற்றில் விட்டு, தரையில் ஒருமுறை குத்தி எழும்ப வைத்தார்கள். லெங்த் என்ற விஷயம் பிறந்தது அங்கேதான். குத்தி எழும்பும் பந்துக்கு வளைந்த மட்டை உதவாது. மட்டை நேரானது. மட்டை நேரானதும் ஆட்டமும் நேராக வேண்டியதாயிற்று. குறுக்கே வீசினால் பந்தைச் சந்திக்க ஒரே ஒரு கணம்தான் கிடைக்கும். பந்து வருகிற கோட்டிலேயே மட்டையைக் கொண்டுபோனால் நேரம் அதிகம் கிடைக்கும். முழங்கை கீழே தொங்கினால் மட்டை குறுக்கே திரும்பிவிடும். மேலே இருந்தால் நேராகவே வரும். கரடுமுரடான ஆட்டுமேய்ச்சல் புல்வெளி, பந்து எப்போது தாழும், எப்போது எழும்பும் என்று தெரியாது. அந்தத் தரைக்கு, அந்தப் பந்துக்கு, ரொட்டிக்கடைக்காரர் கண்டுபிடித்த மருந்து அது.

அந்தக் காலத்து விதிகளும் இப்படித்தான், யாரோ ஒருவர் செய்த குறும்பிலிருந்து வந்தவை. 1771-இல் வைட் என்ற ஆட்டக்காரர் ஸ்டம்பையே முழுக்க மறைக்கிற அகலத்துக்கு ஒரு மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹாம்பிள்டன் கிளப்காரர்கள் கொதித்துப்போய், மட்டையின் அகலம் 4¼ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அதே 4¼ அங்குலம்தான். 1775-இல் ஒரு ஆட்டத்தில் 'லம்பி' ஸ்டீவன்ஸ் போட்ட பந்து மூன்று தடவை ஜான் ஸ்மாலின் இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து போயிற்று, அவுட் இல்லை! அதன் பிறகுதான் நடு ஸ்டம்ப் வந்தது.

பயிற்சிக்கு என்று புத்தகம் வந்தது அதற்கும் ரொம்பப் பிறகு. ஹாம்பிள்டன் ஆட்டக்காரர் ஒருவரின் மகன் ஜான் நைரன் 1833-இல் இளம் ஆட்டக்காரர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். அது அச்சாகி இரண்டு வருடத்தில் பவுலர் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கலாம் என்று விதி மாறியது. 1864-இல் தலைக்கு மேலேயும் தூக்கலாம் என்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் பந்து வருகிற உயரம் மாறியது, பழைய பாடம் பாதி செல்லாமல் போனது. 1845-இல் பேட்டிங்குக்குப் படம் போட்டுப் புத்தகம் எழுதிய ஃபெலிக்ஸ் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உண்மைப் பெயர் வேறு. வாத்தியார் கிரிக்கெட் ஆடுகிறார் என்று தெரிந்தால் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பந்து வீச ஒரு இயந்திரமும் செய்தார். கவண் மாதிரி பந்தை எறியும். இன்று அகாடமிகளில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்களே பவுலிங் மெஷின், அதற்குத் தாத்தா. டபிள்யூ.ஜி. கிரேஸுக்கு வீட்டுப் பழத்தோட்டத்தில் மாமா போகாக்தான் கோச். அவரும் நேர் மட்டைக் கட்சி.

ரஞ்சித்சிங்ஜி கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் படித்தபோது வேகப்பந்து வந்தால் அவருடைய வலது கால் லெக் பக்கம் ஒதுங்குமாம். அங்கிருந்த பயிற்சியாளர் அந்தக் காலைத் தரையோடு கட்டிப்போட்டுப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்வார்கள். வலது கால் நகரவில்லை. சரி, இடது காலைக் குறுக்கே வைத்து, உடம்புக்கு நேரே வரும் பந்தை மணிக்கட்டால் லேசாகத் திருப்பிவிட்டுப் பார்த்தார். லெக் கிளான்ஸ் அவர் கையில் கலையானது இப்படி. 1896-இல் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே 62, ஆட்டமிழக்காமல் 154. கோச் நினைத்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. திருத்தியது தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. அந்தக் கயிற்றை வேறு பையன் காலில் கட்டியிருந்தால் அவன் டென்னிஸுக்குப் போயிருப்பான்.

நம் பக்கத்தில் கோச் என்ற ஆளே ரொம்ப நாள் கிடையாது. வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இலிருந்து இருந்தது. அங்கே இந்தியர்களுக்கு பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில்தான் சாப்பாடு. அதில் மனம் கொதித்த புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, பையன்களுக்குத் தம் கைக்காசில் மட்டையும் பேடும் வாங்கிக் கொடுத்தார். பிற்காலத்தில் ஏ.ஜி. ராம்சிங். அமிர்தசரசில் பிறந்து சென்னைக்காரராகவே ஆகிவிட்டவர். 1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி டிராஃபி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்து மைசூரை ஒரே நாளில் முடித்து அனுப்பினார். அதன் பிறகு எத்தனையோ பையன்களுக்கு அவர்தான் வாத்தியார். சொந்தப் பிள்ளைகள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் டெஸ்ட் ஆடினார்கள். 1953-இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் பயிற்சித் திட்டம், 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் என்று வந்த பிறகுதான் டிப்ளமா வாங்கிய கோச்சுகள் ஊர்ப்பக்கம் தலைகாட்டினார்கள். நம் ஊருக்கு அதுவும் வரவில்லை. எங்களுக்கு பி.டி. சாரும் அந்தப் புத்தகமும்தான்.

இனி என் கதை.

1983 ஜூன் 25. லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். ஜூலையில் கல்லூரி திறந்தபோது நெட்டுக்கு நாற்பது பையன்கள் வந்து நின்றார்கள். அதற்கு முந்தின வருடம் பதினான்கு பேர். பழைய பி.டி. சார் ரிடையர் ஆகிவிட்டார். புதிதாக வந்தவர் வாலிபால்காரர், நல்ல மனிதர். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க, நீங்கதான் பழைய பிளேயர், சாயங்காலம் வந்து பாருங்களேன்" என்றார். நான் உள்ளூரில்தான் வேலையில் இருந்தேன். ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டால் நேரே மைதானம். பழைய சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். (நூலகர் மன்னிக்க.) அன்றிலிருந்து நானும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நாற்பது பேரில் ஒருவன், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருடம். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். தோல் பந்தையே கல்லூரிக்கு வந்துதான் தொட்டான். அதுவரை ரப்பர் பந்து, தென்னை மட்டை, கண்மாய்க் கரையில் கட்டாந்தரை. அவன் மட்டையைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் பி.டி. சாருக்கு மயக்கம் வந்திருக்கும். இரண்டு கையும் உள்பக்கமாகத் திரும்பி, மட்டையின் முகம் அவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். மட்டையைப் பின்னால் தூக்கினால் இரண்டாவது ஸ்லிப் பக்கம் போகும். 'வி'யாவது கோடாவது! ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கொஞ்சம் ஷார்ட்டாக விழுந்தாலும் இழுத்து மிட்விக்கெட்டில் அடிப்பான். அடித்த பந்து தரையை விட்டு எழும்பாது.

டவுன் கிளப்போடு ஒரு பயிற்சி ஆட்டத்தில் 74 அடித்தான். அந்த கிளப்பின் வேகப்பந்து வீச்சாளர் டிவிஷன் ஆட்டங்கள் ஆடியவர். முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், யாரு இந்தப் பய? ஸ்டைலே இல்ல, ஆனா அவுட்டாக மாட்டேங்கறான்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைக் கும்பிட்டுவிட்டு சும்மா இருந்திருக்க வேண்டும். செய்ததோ வேறு. இவ்வளவு நல்ல கண்ணும் கையும் இருக்கிறவனுக்கு சரியான டெக்னிக்கும் சேர்ந்துவிட்டால் எங்கேயோ போய்விடுவான் என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. மறுநாளே புத்தகத்தைத் திறந்தேன்.

கையை மாற்றினேன். மட்டைப் பிடியில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு 'வி'யும் அங்கேதான் என்றேன். வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் நூறு தடவை நிழலாட்டம். குறுக்கே அடித்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். எந்நேரமும் என் தொண்டையிலிருந்து பி.டி. சாரின் கூச்சல்: "எல்போடா, எல்போ!" அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க சார்" என்பான், ஓடுவான், திரும்ப வருவான். ஆறு வாரத்தில் அவனுடைய ஃபார்வர்ட் டிஃபென்ஸ் படத்தில் இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. நான் பூரித்துப்போனேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் அவன் எடுத்தது 4, 0, 11. நெஞ்சுக்கு எழும்பி வந்த பந்துக்கு முன்காலை நீட்டி நேர் மட்டை காட்டினான். மூன்று தடவையும் மட்டையின் மேல் விளிம்பில் அல்லது கையுறையில் பட்டு கேட்ச். நான்காவது ஆட்டத்துக்கு அவனை எடுக்கவில்லை. பட்டியலை எழுதியதும் நான்தான். பொங்கல் லீவுக்குப் பிறகு அவன் நெட்டுக்கு வரவில்லை. காரிடாரில் ஒருநாள் பிடித்துக் கேட்டேன். "எனக்கு வராது சார், பழசும் போயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

'பழசும் போயிடுச்சு' என்பதன் அர்த்தம் எனக்கு விளங்க ஆறு வருடம் ஆனது. 1989-இல் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தபோது அதே பைக்ராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடையில், அட்டை கிழிந்த 'தி ஆர்ட் ஆஃப் கிரிக்கெட்' கிடைத்தது. டான் பிராட்மன் 1958-இல் எழுதிய பாடப்புத்தகம். பேரம் பேசி வாங்கி, எழும்பூரில் ரயில் ஏறி, விளக்கு அணைக்கிறவரை படித்தேன். பேட் பிடிக்கிற பகுதி வந்தபோது தூக்கம் போய்விட்டது. பிராட்மனின் பிடி புத்தகப் பிடி இல்லை. இரண்டு கையும் உள்ளே திரும்பி, மட்டையின் முகம் மூடியிருக்கும். மட்டை பின்னால் போவது ஸ்லிப் பக்கம். டெஸ்ட் சராசரி 99.94 வைத்திருந்த மனிதர், என் கெமிஸ்ட்ரிப் பையன் மாதிரி மட்டை பிடித்திருக்கிறார்!

காரணம் அவர் வளர்ந்த தரை. ஆஸ்திரேலியாவில் பவ்ரல் என்ற சிற்றூர். வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துத் தனியே விளையாடிய கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்தபடிதான் முக்கியம். அந்த ஊர் ஆட்டங்கள் சிமெண்ட் தரைமேல் கயிற்றுப்பாய் விரித்து நடந்தவை. அவர் புல் பிட்சில் ஆட ஆரம்பித்ததே பதினெட்டு வயதில்தான். சிமெண்டில் பந்து எகிறும். குள்ளமான பையனுக்கு நெஞ்சுவரை வரும். அதை நேர் மட்டையால் தடுத்தால் கேட்ச்தான். இழுத்து அடிக்க வேண்டும், அடித்தது மேலே போகாமல் தரைக்கு வர வேண்டும். மட்டையின் முகம் மூடியிருந்தால்தான் அது நடக்கும். சிட்னிக்கு வந்ததும் பிடியை மாற்றச் சொன்னவர்கள் நிறைய. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நம் மைதானத்து பிட்ச் அப்போது என்ன? இறுகிப்போன செம்மண் தரைமேல் கயிற்று மேட்டிங். நாலு மூலையிலும் ஆணி. பந்து விலா எலும்புக்கு வரும். என் கையில் இருந்த புத்தகமோ ஈரமும் புல்லும் உள்ள இங்கிலாந்துத் தரைக்கு எழுதியது. அங்கே பந்து தாழ்ந்து வரும், பிட்ச் ஆனபின் நகரும். நேர் மட்டையும் உயர்ந்த முழங்கையும் இல்லாவிட்டால் அங்கே பிழைக்க முடியாது. புத்தகத்தில் எதுவும் தப்பு இல்லை. தரையைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தவன் நான். அந்தப் பையன் கண்மாய்க் கரையில் தானாகக் கண்டுபிடித்தது, அவன் தரைக்கும் அவன் பந்துக்கும் ஏற்ற பதில். ஹாரி ஹால் ஃபார்ன்ஹாமில் செய்ததும் அதுவேதானே?

இதைப் படித்துவிட்டு, கோச்சே வேண்டாம் என்று இன்றைய தம்பிகள் கிளம்பிவிடக் கூடாது. பவுலிங்கில் கதை வேறு. டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. வாரக்கணக்கில் மாவுக்கட்டு, மாதக்கணக்கில் உடற்பயிற்சி. 1974-75-இல் திரும்பி வந்து இங்கிலாந்தைப் பதம்பார்த்தார். இப்படி முதுகு போவது ஏன் என்று பிற்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். பந்து விடும்போது இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்து நேராக இருக்கிறது, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்புகிறது. துணி பிழிகிற மாதிரி கீழ்முதுகு முறுகுகிறது. ஒன்று இரண்டும் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லை இரண்டும் நேராக இருக்கட்டும், கலப்படம் வேண்டாம் என்பது பாடம். 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கி லில்லி வந்தபோது, சேத்துப்பட்டு மைதானத்துக்கு அந்தப் பாடமும் வந்தது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாரும் அங்கே போய் வந்தவர்கள். வேகப்பந்து வீச வந்த பதினான்கு வயது டெண்டுல்கரை, நீ பேட்டிங்கைப் பார் என்று லில்லி அனுப்பிவைத்ததும் அங்கேதான். அந்த டெண்டுல்கர் மட்டையை அடிப்பக்கமாகப் பிடிப்பார். சின்ன வயதில் அண்ணனுடைய பெரிய மட்டையைத் தூக்கி ஆடிய பழக்கம். மாற்றச் சொன்னவர்கள் உண்டு. மாறவில்லை. ஆச்ரேக்கர் சார் ஸ்டம்ப் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அவுட் ஆகாமல் இருந்தால் உனக்கு என்பார். நாணயத்தைத்தான் பேசினார்.

சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். போலியோ தாக்கி மெலிந்த வலது கை. ஃபீல்டிங்கில் எறிவதற்கு இடது கை. பந்து போடுவதற்கு மட்டும் அந்த மெலிந்த கை. லெக் ஸ்பின்னர் மெதுவாகத் தூக்கிப் போட வேண்டும் என்கிற பாடத்தை யாராவது அவர் தலையில் கட்டியிருந்தால், 1971-இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் கிடைத்திருக்காது. முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. அவர் கையைக் குறை சொன்னவர்கள், கடைசியில் எல்லார் கையும் கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, 2005-இல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று விதியை மாற்ற வேண்டி வந்தது.

அப்படியானால் சொல்லிக்கொடுக்க என்னதான் மிச்சம் என்று கேட்டால், பி.டி. சார் சொன்னதிலேயே இருக்கிறது. நான்தான் கூச்சலை மட்டும் பிடித்துக்கொண்டேன். தலை ஆடக் கூடாது, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பந்து மட்டையில் படுகிற நேரத்தில் உடம்பு விழாமல் நிற்க வேண்டும். பிராட்மனின் பழைய படங்களைப் பாருங்கள், ஸ்டீவ் ஸ்மித் கிரீஸில் அங்கேயும் இங்கேயும் நடனமாடுவதைப் பாருங்கள். பந்து வந்து சேரும்போது தலை கல்மாதிரி நிற்கும். கை எங்கே இருந்து கிளம்பினால் என்ன? என் கெமிஸ்ட்ரிப் பையனின் தலையும் நின்றது. 74 அடித்த அன்று நான் அதைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன்.

அதன் பிறகும் ஒன்பது வருடம் நெட்டில் நின்றேன். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். (அபராதம் கட்டவில்லை.) புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் மாதம் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பந்து பொறுக்கிப் போடுவேன், பார்ப்பேன், எந்த ஊர், எந்தத் தரையில் ஆடினாய் என்று கேட்பேன். அதில் இரண்டு பேர் மாவட்ட அணிக்குப் போனார்கள். அதில் என் பங்கு எதுவும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மலர்க்குழுத் தம்பிகள் போன வாரம் அனுப்பிய இன்னொரு காகிதம் மேஜைமேல் இருக்கிறது. சங்கமத்தன்று காலை ஏழு மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் பதினைந்து ஓவர் ஆட்டம், அதற்கான பட்டியல். பழைய மாணவர் அணியில் மூன்றாவது ஆளாக அவன் பெயர் இருக்கிறது. அவனுக்கும் இப்போது அறுபது வயது ஆகியிருக்கும், 'அவன்' என்று எழுதக் கூடாதுதான். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறாராம். பேரனோடு தெருவில் ஆடுவாராம். செயலாளர் தம்பி சொன்னார், "அந்த அண்ணன் பேட் புடிக்கிறதே ஒரு மாதிரி இருக்கும்ணே, ஆனா அடிக்கிறாரு." எனக்கு அந்த ஆட்டத்தில் அம்பயர் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

மேட்டிங் காலம் போய் நம் மைதானத்தில் இப்போது புல் பிட்ச். பந்து முன்னைப்போல எகிறாது, முழங்கால் உயரத்துக்குத்தான் வருகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அதை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.